நகராத கெண்டை

ஓடுகிற தண்ணீரில் ஒரே இடத்தில் நிற்பதில் கெண்டைக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. பெரிய வித்தை ஒன்றுமில்லை. எதிரே உள்ள கரைக்கல் பார்வையிலிருந்து சற்று விலகினால் கண் தானாக அதன் பின்னால் ஓடும். கண் ஓடிய பக்கம் உடம்பும் திரும்பி வாலடிக்கும். கல் மறுபடி நேருக்கு வந்துவிடும்.

அன்று வெள்ளம் வந்தது. கலங்கலில் கல் மறைந்துவிட, பக்கத்தில் மிதந்து வந்த ஆகாயத்தாமரையைக் கண் பிடித்துக்கொண்டது.

அடிமணலில் வயிற்றை அழுத்திக் கிடந்த அயிரை கத்தியது. "அக்கா, நீ போய்க்கிட்டிருக்கே. கீழ மடையில வலை கட்டியிருக்காங்க."

"நான் எங்கடி போறேன்? இந்தத் தாமரை இம்மிகூட நகரலை. உன் குரல்தான் தள்ளித் தள்ளிப் போகுது. வெள்ளம் உன்னை இழுக்குதடி, எதையாவது பிடிச்சுக்கோ," என்றது கெண்டை. அதற்கு உண்மையிலேயே பாவமாக இருந்தது.

கொஞ்ச நேரத்தில் அயிரையின் குரல் கேட்கவே இல்லை.

மடையில் வலையை இழுத்தபோது ஆகாயத்தாமரையும் சேர்ந்தே வந்தது. கூடைக்குள் இரண்டும் ஒட்டிக் கிடந்தன. வாயைத் திறந்து திறந்து மூடிய கெண்டை, இலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. இலை அசையவில்லை.

"அப்பவே சொன்னேனே," என்றது கெண்டை. "நான் இருந்த இடத்துலயேதான் இருக்கேன்."