அழுத முகம் செல்லாது

அத்தானின் உடலைக் கொடுக்க ஆஸ்பத்திரியில் தயாராகத்தான் இருந்தார்கள். கட்டணத்தை மட்டும் அக்கா கவுண்டர் இயந்திரத்தில் தன் முகத்தைக் காட்டிச் செலுத்த வேண்டும். காட்டினாள். இயந்திரம் மறுத்துவிட்டது.

"யாரோ தங்களை மிரட்டுவதாகத் தெரிகிறது. அமைதியான முகத்துடன் வரவும்."

"அழுதா பணம் போகாதும்மா. மிரட்டிப் பிடுங்குறாங்கன்னு நினைச்சுக்கும்," என்றார் கவுண்டரில் இருந்தவர். "கொஞ்சம் கண்ணைத் துடைச்சுட்டு நில்லுங்க."

அக்கா துடைத்துக்கொண்டு நிற்பாள். அதற்குள் ஊரிலிருந்து யாராவது வந்து கழுத்தைக் கட்டிக்கொண்டு ஓலமிடுவார்கள். முகம் மறுபடி உடைந்துபோகும். நான் வாசலில் நின்று, வந்த பெண்களையெல்லாம் தடுத்துப் பார்த்தேன். அப்படியும் அவள் உதடு நடுங்கியது. கடைசியில் வாசலை விட்டுவிட்டு அவளருகே போனேன். அத்தான் தன் குறட்டைச் சத்தத்துக்கே விழித்துக்கொண்டு, "எவன்டா அது?" என்று அதட்டுவாரே, அதை அப்படியே செய்து காட்டினேன்.

அக்கா சிரித்துவிட்டாள்.

"நன்றி, செண்பகவல்லி," என்றது இயந்திரம்.

அவள் திரும்பினாள். அப்போதுதான் வந்திறங்கி, அவளைக் கட்டிக்கொண்டு அழ இரு கைகளையும் நீட்டியபடி ஓடிவந்த மாமியார், அந்தச் சிரிப்பைப் பார்த்துவிட்டு, கைகளைத் தொங்கவிட்டு நடுவழியில் நின்றிருந்தார்.