முதல் மாடல்

சந்தைக்கு எந்தப் புதுக் கருவி வந்தாலும், தன் சேனலில் அதைப் பற்றி முந்திக்கொண்டு பேசிவிடுவான் கோகுல். ஏழு வருடங்களுக்கு முன் கண்ணுக்குள் வைக்கும் மின்னணு லென்ஸ் வந்தபோது, கண்ணாடி போட்டுக்கொண்டிருந்த மனைவி சுகன்யாவுக்குப் பொருத்தி, அதை நேரலையாகவும் காட்டினான். இன்று மாலை ஆறு மணிக்கு அந்த மாடல் லென்ஸ்கள் எல்லாவற்றின் இயக்கத்தையும் கம்பெனி நிறுத்துகிறது. லென்ஸைக் கழற்றவும் முடியாது என்பதால், அதன்பின் அவளுக்குப் பார்வை இருக்காது. புது மாடலும் அவள் கண்களுக்குப் பொருந்தாது.

"புது மாடல் அட்டகாசம் நண்பர்களே! இதை நானே போட்டுக்கப் போறேன்," என்று கேமரா முன் துள்ளினான்.

"முதல் மாடலை ஏங்க நீங்க போட்டுக்கல?" என்று கதவருகில் நின்று கேட்டாள் சுகன்யா.

"முதல் மாடல்னா கோளாறு இருக்கும், அவசரப்பட்டு வாங்காதீங்கன்னு நான் எப்பவும் சொல்றதுதானே?" சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டான். "சரி சுகு, ஆறு மணிக்கு இங்க வந்து உட்காரு. அணையற நொடியில என்ன தெரியுதுன்னு சொல்லு. லட்சம் பேர் பார்ப்பாங்க."

மணி ஐந்தரை. அவள் செருப்பை மாட்டிக்கொண்டாள்.

"எங்க கிளம்பிட்ட?"

"பாப்பாவோட டான்ஸ் கிளாஸுக்கு. ஆறு மணி வரைக்கும் அவ முகத்தைப் பார்த்துக்கிட்டு இருப்பேன். வரும்போது அவளே என் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்துடுவா."