நேராக உருண்ட அம்புகள்

“அத்தை, இருந்த அம்பெல்லாம் ஒடிஞ்சிருச்சு. நாளைக்கு இறுதிப் போட்டி!”

“ஒப்பாரி வைக்காதே. ரம்பத்தால அறுத்த மரத்துல செஞ்ச அம்பு ஒடியத்தான் செய்யும். பொளந்த மரம்தான் தாங்கும்.”

மாமியார் கட்டையைப் பிளந்து, குச்சிகளை உருளையாக இழைத்தார். ஒவ்வொன்றையும் மேசையில் உருட்டிப் பார்த்து, நேராக ஓடியவற்றை மருமகளிடம் நீட்டினார்.

“முனையும் இறகும் உன் வேலை.”

“வளைஞ்சதெல்லாம்?”

“உன்னை எதிர்த்து நிக்கப்போற கிழவிக்கு.”

“பாவம் அத்தை அவங்க!”

“என்ன பாவம்? கோணல் அம்பிலேயே கோப்பை வாங்கினவ அவ!”

மருமகளுக்குக் கண் கலங்கியது. “உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியலை.”

“குறி தப்பாம அடி, போதும்.”

மறுநாள் மைதானத்தில், வளைந்த அம்புகளோடு மருமகளுக்கு எதிரே வந்து நின்றார் மாமியார்.

“என்னடி பாக்கறே? எனக்காக விட்டுக்குடுத்தே, வீட்டுக்குள்ள சேர்க்க மாட்டேன்!”