விட்டுப் போகாத பக்கம்

"லிங்க்கைத் தொட்டதும் நம்ம சைட்டை விட்டே போயிடுறாங்களேம்மா!" என்று எகிறினார் மேனேஜர்.

"லிங்க்ல 'டார்கெட் பிளாங்க்'னு சேர்த்தா, புது டேப்ல திறக்கும் சார். நம்ம பக்கம் பின்னாடி அப்படியே இருக்கும்," என்றாள் வெப் டிசைனர்.

"எல்லா லிங்க்லயும் போடு. வந்தவன் எவனும் நம்மள விட்டுப் போகக்கூடாது!"

மாலையில், முதலாளி முன்னால் மேனேஜர் தன் லேப்டாப்பைப் பெரிய திரையில் இணைத்து, லிங்க்கைத் தட்டினார். புது டேப் திறந்தது.

"இதை மூடினாலும் நம்ம பக்கம் இருக்கும் சார்."

இருந்தது. ஆர்வக்கோளாறில் மூடும் குறியை இன்னொரு தடவை அமுக்கித் தொலைக்க, அதுவும் மூடிக்கொண்டது. பின்னால் போட்டிக் கம்பெனியின் பக்கம்: 'உங்கள் வேலை விண்ணப்பம் கிடைத்தது. நன்றி.'

மேனேஜர் திருதிருவென விழித்து, பக்கத்தில் நின்ற டிசைனரிடம் திரும்பினார். "காலையிலேயே மூடினேனேம்மா!"

"அவங்களும் டார்கெட் பிளாங்க் போட்டிருக்காங்க சார். நீங்க மூடினது அவங்க லிங்க்கைத் தட்டினப்போ முன்னால திறந்த புது டேபை மட்டும்தான்."