மதகு திறந்த அன்று

இடுப்பெலும்பு முறிந்து படுத்த படுக்கையாகக் கிடக்கிற அம்மாவைப் பார்க்க வந்தால், வீட்டுக் கதவில் பூட்டு! மகள் பூட்டை இழுத்துப் பார்த்தாள்.

அண்ணிக்குப் போன் போட்டாள். எடுக்கவில்லை. அண்ணனோ வேலை வேலையென்று வெளியூரிலேயே கிடக்கிறவன்.

எதிர்வீட்டுத் தையல்காரம்மா மெஷினை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தாள்.

"அம்மாவைத் தேடறியா? உங்க அண்ணி எங்கயாவது கூட்டிக்கிட்டுப் போயிருப்பா."

"அம்மாவால எழுந்து உட்காரவே முடியாதே!"

"சக்கர நாற்காலி எதுக்கு இருக்கு? வாராவாரம் நடக்குதே! போன வாரம் பழைய மில்லோட புகைக்கூண்டை வெடி வச்சுச் சாய்ச்சாங்கல்ல, அதை வேடிக்கை பார்க்க. அதுக்கு முந்தி, ஏரியில பறவைக் கூட்டம் வந்து இறங்குதுன்னு. எனக்கென்ன, பார்த்ததைச் சொல்றேன். அவ வீடு தங்கறதே இல்ல. உங்கம்மா ஒரு சாக்கு."

எரிகிற நெருப்பில் எண்ணெயை ஊற்றிவிட்டுத் தையல்காரம்மா மறுபடி மெஷினை மிதிக்கப் போய்விட்டாள்.

மகள் இந்த வீட்டுக்கு வருவதே அத்தி பூத்தாற்போலத்தான். ஆனால் வந்துவிட்டால் ஏதாவது குறை கண்டுபிடிக்காமல் போகமாட்டாள். இன்றைக்குத் தேடுகிற சிரமம்கூட இல்லை. வாடகை வேனில் அதுவே வந்து இறங்கியது.

அம்மா தொப்பலாக நனைந்திருந்தாள். நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்த அண்ணியும் அப்படித்தான். ஆனால் அண்ணியின் முகத்தில் அப்படி ஒரு பிரகாசம்.

"ஐயோ, வந்து ரொம்ப நேரமாச்சா? அணைக்குப் போயிருந்தோம். இன்னிக்கு எல்லா மதகையும் ஒண்ணாத் திறந்தாங்க! தண்ணி விழற சத்தத்துல நெஞ்சே அதிருது. நான் அப்படியே மரம் மாதிரி நின்னுட்டேன். சாரல்ல நனையறதுகூடத் தெரியல..."

"போதும் அண்ணி. நடக்க முடியாதவங்களைத் தூக்கிட்டுப் போய்த் தண்ணியில நனைச்சுக் கொண்டுவந்திருக்கீங்க. இதுல வர்ணனை வேற!"

அண்ணியின் முகம் சுருங்கிப்போனது.

"அத்தைதான் பார்க்கணும்னு..."

"அவங்க ஆயிரம் சொல்வாங்க. நமக்குப் புத்தி வேணாமா?"

அண்ணி பூட்டைத் திறந்தாள். அம்மாவை உள்ளே கொண்டுபோய்த் துடைத்து, உடை மாற்றிப் படுக்கவைத்தாள். வெந்நீர் வைக்க அடுப்படிக்குப் போனாள்.

மகள் கதவை ஒருக்களித்துச் சாத்தினாள்.

"அம்மா, அவங்க ஊர் சுத்தறதுக்கு உன்னைச் சாக்கு வச்சிருக்காங்க. தெரு முழுக்க அதுதான் பேச்சு. இப்பவே அண்ணன்கிட்டப் பேசி இதுக்கு ஒரு முடிவு கட்டறேன். முடியலன்னா நீ என் வீட்டுக்கு வந்துடு."

சொன்ன பிறகுதான் அவளுக்குத் தன் வீடு இருப்பது மூன்றாவது மாடி என்பது ஞாபகம் வந்தது.

"அதாவது, நீ படியேற ஆரம்பிச்சதும்" என்று சேர்த்துக்கொண்டாள்.

அம்மா அவளையே பார்த்தாள்.

"நான்தான் கேட்டேன்."

"என்னது?"

"எல்லாம் என் ஏற்பாடு. பேப்பர் போடறவர், வேன்காரர், ஒருத்தர் விடாம நான்தான் விசாரிச்சு வைப்பேன். எங்க போனா மனுஷங்க வாயைப் பிளந்துக்கிட்டு நிப்பாங்கன்னு."

மகளின் கோபம் சட்டென்று பக்கம் மாறியது.

"இந்த நிலைமையில உனக்கு வேடிக்கை கேக்குதா? அந்த மனுஷி உன்னைக் குளிப்பாட்டி, சோறு ஊட்டி, அது போதாதுன்னு மூச்சு வாங்கத் தள்ளிக்கிட்டு வேற வரணுமா? உனக்கே நல்லா இருக்கா? ஈவு இரக்கம் வேணாம்? இரு, அண்ணன்கிட்டச் சொல்லி அந்த நாற்காலியையே திருப்பி அனுப்பச் சொல்றேன்."

போனை எடுத்தவளின் கையை அம்மா எட்டிப் பிடித்தாள். அந்தச் சின்ன அசைவுக்கே முகம் கோணியது.

"போன் போடாத. நாற்காலியில உட்கார்ந்தாலே இடுப்புல உயிர் போகுதுடி. வேன் குலுங்கினா கேட்கவே வேணாம். இன்னிக்கு மதகு திறந்தப்ப நான் கண்ணை இறுக்கி மூடிக்கிட்டுப் பல்லைக் கடிச்சுக்கிட்டிருந்தேன். ஒரு சொட்டுத் தண்ணியக்கூடப் பார்க்கல."

"அப்புறம் எதுக்கும்மா போறே?"

"மெதுவாப் பேசு. வலிக்குதுன்னு தெரிஞ்சா அவ அன்னிக்கே நாற்காலியை மடக்கி மூலையில வச்சிடுவா. நான் விழுந்ததுலேருந்து கடையும் மருந்துக்கடையும் தவிர அவ எதையும் கண்ணால பார்க்கல. சிரிக்கறதையே மறந்துட்டா. 'நீ போயிட்டு வாம்மா'ன்னா, 'உங்களைத் தனியா விட்டுட்டா?'ன்னு கேக்கறா. எனக்குப் பார்க்கணும்னு அடம் பிடிச்சாதான் கிளம்பறா."

அடுப்படியிலிருந்து அண்ணி தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"அத்தை... அடுத்த வாரம் எங்கயும் போக வேணாம்தானே?"

"யாரு சொன்னா? ஆத்துல புதுப் பாலத்தைக் கிரேன்ல அப்படியே தூக்கி வைக்கப் போறாங்களாம். எனக்குப் பார்த்தே ஆகணும்!" அம்மா சண்டைக்காரி மாதிரி கத்தினாள்.

பிறகு மகளின் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினாள்.

"ஒரு நாள் வந்து என்கூட இருன்னு உன்னை எத்தனை தடவை கூப்பிட்டேன்? நீ வந்திருந்தா, அவ தனியாவே போயிட்டு வந்திருப்பாடி. எனக்கும் இந்த வலி மிச்சமாயிருக்கும்."