இரண்டு யன்னல்களுக்கு நடுவே

கனடாவில் ஸ்ரௌவ்வில் என்ற ஊரில் தில்லைநாதன் வாடகைக்கு எடுத்தது, இங்கிலாந்திலிருந்து வந்து பண்ணை வைத்திருந்த ஒரு கமக்காரர் அந்தக் காலத்தில் கட்டிய கல்வீடு. சுவர்கள் ஒரு முழத்துக்கும் மேல் தடிப்பு. ஒவ்வொரு யன்னலுக்கும் உள்ளே ஒரு கண்ணாடி, வெளியே ஒரு கண்ணாடி, நடுவில் அகலமான கல். குளிருக்குப் பயந்து முந்தி இருந்தவர்கள் வெளிக்கண்ணாடிகளை ஆணியடித்து மூடிவிட்டார்கள்.

மகன் சுதாகரன் சண்டைக் காலத்தில் ஊரைவிட்டு வெளியேறக் கிளாலிக் கடலேரியில் படகேறியதோடு சரி. கரை சேர்ந்ததாக ஒரு தகவலும் இல்லை. மனைவி பவளம் தினமும் அவனுக்கென்று மேசையில் ஒரு தட்டில் சோறு மூடிவைப்பாள். அதில் கறிவேப்பிலை இருக்காது. இருந்தால், அவன் ஒவ்வொன்றாகப் பொறுக்கி விளிம்பில் வரிசையாக அடுக்கிவிட்டுத்தான் சாப்பாட்டில் கைவைப்பான்.

புரட்டாசி அமாவாசை வந்தது.

"காகத்துக்கு ஒரு பிடி வைப்பமே, பவளம்?"

"அது செத்தவைக்கு வைக்கிறது. என்ர பிள்ளை வருவான்."

அவள் குளிக்கப் போனதும் அவர் சட்டியிலிருந்து சோறும் பருப்பும் கறிவேப்பிலையோடு அப்படியே ஒரு தட்டில் எடுத்தார். அவள் வேலைக்குப் போனபின் வெளியே வைக்கலாமென்று உள்யன்னலைத் திறந்து, அந்தக் கல்லில் ஒளித்துவைத்துச் சாத்தினார்.

அவள் வேலைக்கு வெளிக்கிடுகிற நேரம், மனம் கேளாமல் திறந்து பார்த்தார். சோறு இல்லை. வெளிக்கண்ணாடி உடையவில்லை, ஆணிகள் அசையவில்லை. தட்டின் விளிம்பில் கறிவேப்பிலைகள் வரிசையாக இருந்தன.

பின்னால் வந்து நின்ற பவளமும் பார்த்தாள். அழவில்லை. மேசையில் மூடியிருந்த தட்டைக் கொண்டுவந்து கல்லில் வைத்து யன்னலைச் சாத்தினாள்.

"ஒரு பிடி அவனுக்குக் காணாதப்பா," என்றாள்.