நாற்பது வீதம்

விற்பனைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட எமில்ராஜ் பேனாவைத் திறந்தபோது, வெளியே பெண்கள் உரத்துச் செபமாலை சொல்லத் தொடங்கினார்கள். கொழும்புத்துறையில் அவன் நடத்தும் நண்டுக் கொம்பனியில் சதை பிரிக்கும் முப்பது பேரும் வாசலை மறித்து உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே மேசைகளில் ஒரு நண்டும் இல்லை. அன்றைய சதை முழுவதும் ஐசில் ஏறியிருந்தது.

"என்ன இது?" சிங்கப்பூர் நிறுவனத்தின் கொழும்பு மேலாளர் ஜெபசீலன் எழுந்துவிட்டார்.

"வித்துப்போட்டுப் போகப்போறன் எண்டு கதை பரவீட்டுது, சேர். நான் கதைச்சு எழுப்பிறன்."

எமில்ராஜிடம் நண்டுச் சதை வாங்க வேறு ஏற்றுமதியாளர் எவரும் இல்லை. இவர் திரும்பிப் போனால் அடுத்த மாதம் கொட்டிலைப் பூட்டவேண்டியதுதான்.

வாசலுக்குப் போனவனை, செபமாலை முடியும்வரை பொறு என்று கையைக் காட்டி நிறுத்தினாள் மூத்த தொழிலாளி யோசப்பின். முடிந்ததும் எழுந்தாள்.

"முழுக்க வித்தாச்சோ, தம்பி? யூதாசும் முப்பது காசுக்குத்தான் வித்தவன்!"

"அக்கா, சேர் நல்ல மனுசன்..."

"இருக்கட்டும். கோயில் திருநாளுக்குக் கடலுக்குப் போகாட்டி உவர் பொறுப்பாரோ? உன்ரை முகத்துக்காகத்தான் எங்கடை மனுசன்மார் இஞ்சை நண்டு கொண்டுவாறவை. நீ போனால் எல்லா வள்ளமும் வேறை கரைக்குத்தான்!"

பின்னால் நின்ற ஜெபசீலனின் முகம் மாறியது. எமில்ராஜிடம் திரும்பினார்.

"போன மாதம் கொம்பனியிலை நாற்பது வீதப் பங்குதான் தருவன் எண்டு நிண்டனீங்கள். முழுக்க வேணும், இல்லாட்டி ஒண்டும் வேண்டாம் எண்டது எங்கடை ஆக்கள்தான். நண்டு வராத கொட்டிலை வாங்கி என்ன செய்யிறது?"

பத்திரங்களை அள்ளிக்கொண்டு காருக்கு நடந்தார்.

"சேர், போகாதேங்கோ!" எமில்ராஜ் பின்னால் ஓடினான்.

காரடியில் நின்று ஜெபசீலன் பத்து நிமிடம் தொலைபேசியில் ஆங்கிலத்தில் வாதாடினார்.

"நாற்பது வீதம்," என்றார் திரும்பி வந்து. "மிச்சமும் நிர்வாகமும் உங்களோடை. இந்தச் சனத்தை எங்களாலை சமாளிக்க ஏலாது."

"வேறை வழி இல்லையே, சேர்," என்று தலையைக் குனிந்தான் எமில்ராஜ்.

புதுப் பத்திரம் அனுப்புவதாகச் சொல்லிக் கைகுலுக்கிவிட்டு அவர் புறப்பட்டார். கார் தெருமுனை திரும்பும்வரை யோசப்பின் முறைத்தபடியே நின்றாள். எமில்ராஜ் அவளருகே போய்க் குரலைத் தாழ்த்தினான்.

"நான் சொல்லித்தந்ததைவிட நல்லாய் ஏசிப்போட்டியள், அக்கா."